சொந்தக்காரன் சாட்சி செல்லாது

மகனே,

பினாங்கிலிருந்து நான் விமானம் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாவூது மாமா மன்னிச்சாரா இல்லையான்னு ஒரே வார்த்தையில எழுதும்மா, அதை வச்சு நான் நிக்காஹ்வை முடிவு பண்ணிக்கிறேன்" என்றாய். நல்லாயிருக்குதப்பா உன் நியாயம்! கல்யாணத்துக்குத் தேதி குறித்து, பெண் வீட்டார் பட்டுச்சேலை எடுத்து, ஊரைக் கூப்பிட்ட பிறகு மாப்பிள்ளைக்கு மனசாட்சி முழித்துக்கொண்டது. ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதிலாக இருந்தால் நான் ஏன் இந்த வயதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதப்போகிறேன்? உட்கார்ந்து முழுவதையும் படி. படித்துவிட்டு உன் மணப்பெண்ணுக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். முதுகில் தழும்போடு ஒருத்தன் வீட்டுக்கு வந்தால், அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள பெண்டாட்டிக்கு உரிமை உண்டு. அவளிடம் சட்டையைக் கழற்றக் கூச்சப்படாதே. கூச்சப்பட வேண்டியவர்கள் ரங்கூனில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடு ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போனால் தட்டெல்லாம் ஆடும் ஒரு மாடி வீடு. கடை ஊருக்குள், யூதர் கோயில் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில். பெயிண்ட் கடை. உன் வாப்பாவும் தாவூது நானாவும் கூட்டு. தாவூது நானா யூதர். அவர் பாட்டனார் பாக்தாதிலிருந்து வந்தவராம். சண்டைக் காலத்திலும் அதற்குப் பிறகு கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோதும் அவர்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிவிட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போயிட்டா கோயில் விளக்குக்கு யாரு தங்கச்சி எண்ணெய் ஊத்துறது?" என்பார். வெள்ளிக்கிழமை உன் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போவார், அவர் கடையைப் பார்ப்பார். சனிக்கிழமை அவர் ஒரு டப்பாவைக்கூடத் திறக்கமாட்டார், உன் வாப்பா பார்ப்பார். அந்த ஏற்பாட்டில் ஒரு நாளும் சச்சரவு வந்ததில்லை. உன் வாப்பா மவுத்தான பிறகும் என் பங்கு மாதாமாதம் வீடு தேடி வந்தது.

யூசுப் அவருடைய ஒரே மகன். அவர்கள் பாஷையில் அந்தப் பேரை வேறு மாதிரி சொல்வார்கள், எங்கள் தெருவுக்கு அவன் யூசுப்தான். அவனைப் பெற்றவள் பிரசவத்தோடு போய்விட்டாள். நீ நடை பழகிக்கொண்டிருந்தாய், அவன் தொட்டிலில் கிடந்தான். பிறகென்ன, அவனும் என் வீட்டிலேயே தவழ்ந்தான், உன்னைப் போலவே என்னை உம்மா என்றான், என் வீட்டிலேயே உதை வாங்கினான். அவர்கள் மார்க்கத்தில் இறால் ஆகாது. இவன் என் அடுக்களைக்குள் புகுந்து சட்டியோடு தின்பான். தாவூது நானாவுக்குத் தெரியும். "என்ன தங்கச்சி, பையன் கையில கடல் வாசம் அடிக்குது?" என்று கேட்பார். "கடற்கரையில விளையாடியிருப்பான் நானா" என்பேன். ரங்கூனில் கடற்கரை ஏது? இருவரும் அதற்கு மேல் பேசமாட்டோம்.

இப்போது கேள், நம்மைப் போன்ற ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று. இந்த நாட்டில் நமக்கெல்லாம் இரண்டு பேர். வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் பர்மியப் பேர் ஒன்று. யூசுபைப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியை அவனுக்கு மியோ வின் என்று பேர் வைத்தாள். அட்டையில் அதுதான். ஆனால் தெருவில் யார் அவனை அப்படிக் கூப்பிட்டார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அப்பனே ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வார்.

கல்லூரிகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில் உன்னைப் பிடித்துப்போனார்கள். ராணுவ சர்க்காருக்கு எதிராகத் துண்டுத்தாள் விநியோகித்தவர்களில் நீயும் ஒருவன் என்றார்கள். அங்கே உன்னை என்ன செய்தார்கள் என்று எழுத என் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். முகம் மறையத் தலையில் நீல முக்காடு போட்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல முழங்காலை மடக்கி அரையாக நிற்கவைத்து, விழுந்தால் அடித்து, விழாவிட்டாலும் அடித்து, "யார் உனக்குத் தாள் கொடுத்தது?" என்று கேட்டார்கள். நீ புத்தியாக ஒரு பேரைச் சொன்னதாக நினைத்தாய். உனக்குத் தாள் கொடுத்தவன் வேறொரு மியோ வின். அவன் எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று உனக்குத் தெரியும். போனவன் பேரைச் சொன்னால் இருப்பவனுக்குச் சேதம் இல்லை என்று நினைத்தாய். அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது. மியோ வின் என்றால் யூசுபும்தான் என்பது உன் ஞாபகத்தில் இல்லை. அவர்கள் உன் கூட்டாளிகளில் மியோ வின் யார் என்று தேடினார்கள். கடையில் டர்பன்டைன் அளந்துகொண்டிருந்த யூசுபை அள்ளிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அரசியலும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. கால்பந்தும் இறாலும்தான் தெரியும்.

நீ வெளியே வந்தாய். அவன் வரவில்லை.

நீ வந்த மறுநாள் தாவூது நானா பார்க்க வந்தார். உன்னைக் குப்புறப் போட்டு நான் மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அவர் உன் முதுகைப் பார்த்தபடி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க வேதத்துல அடிக்கிறதுக்குக்கூட ஒரு எல்லை இருக்கு தங்கச்சி. நாற்பதைத் தாண்டக் கூடாது. எண்ணுறவன் எங்கேயாவது தப்பா எண்ணிடுவானோன்னு எங்க பெரியவங்க அதையும் ஒண்ணு குறைச்சு வச்சாங்க. தாண்டினா அடி வாங்கறவன் உன் கண்ணு முன்னாடி கேவலப்பட்டுப் போவான், அவன் உன் சகோதரன்னு சொல்லியிருக்கு. குத்தவாளியைத்தான் சகோதரன்னு சொல்லுது. குத்தம் செஞ்ச பிறகுதான் சொல்லுது."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. "இதையெல்லாம் அடிச்சவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க நானா! என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? எண்ணிக்கிட்டா அடிச்சிருக்கானுங்க?" என்று கத்திவிட்டேன்.

"அவங்ககிட்டச் சொல்ல முடியாது. அதனாலதான் உன்கிட்டச் சொல்றேன்" என்றார். "தூக்குல போட்டவனைக்கூட ராத்திரிக்கு அப்படியே விடக் கூடாதுன்னு சட்டம். அன்னைக்கே இறக்கி அடக்கணும். மனுஷ உடம்பு ஆண்டவன் சாயல்ல செஞ்சது, அதை அவமானமாத் தொங்கவிட்டா அவனுக்குத்தான் அவமானம்." இதைச் சொல்லும்போது அவர் மகன் எங்கே கிடக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பேச்சை அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

உன்னால் எழுந்து நடக்க முடிந்த வாரமே நீ கடைக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். அவர் வண்ண அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நீ அவர் காலடியில் உட்கார்ந்து, "மாமா, அந்தப் பேரைச் சொன்னது நான்தான். அது மட்டும் இல்லே, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தாய். அவர் கையை நீட்டி உன் வாயைப் பொத்தினார்.

"வேணாம். எங்க சட்டத்துல இது செல்லாது."

"நான் செஞ்சதைத்தானே மாமா சொல்றேன்?"

"அதனாலதான் செல்லாது. சொந்தக்காரன் சாட்சி செல்லாதுன்னு உனக்குத் தெரியுமா? அப்பன், அண்ணன், தம்பி யாரும் சாட்சிக் கூண்டுல ஏற முடியாது. மனுஷனுக்கு அவனை விடக் கிட்டின சொந்தம் யாரு? தன்னைத் தானே கெட்டவனா ஆக்கிக்க எவனுக்கும் அதிகாரம் இல்லே. ராஜா கேட்டாலும் இல்லே, அடிச்சுக் கேட்டாலும் இல்லே. நீ அங்க போட்ட கையெழுத்தும் செல்லாது, இங்க சொல்ற வார்த்தையும் செல்லாது. எழுந்து வீட்டுக்குப் போ."

அல்லாஹ்வே, எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இப்படியும் ஒரு மார்க்கம், இப்படியும் ஒரு மனுஷன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அடித்துப் பிடுங்கிய வாக்குமூலத்தை வைத்து ஒரு நாட்டையே நடத்துகிறார்கள், இங்கே ஒரு பெயிண்ட் கடைக்காரர் அதைத் தொடமாட்டேன் என்கிறார். என் மகன் தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன். நீ மட்டும் பின்தங்கி வந்தாய். சொல்ல வந்த இரண்டாவது விஷயம் உன்னிடமே தங்கிவிட்டது எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் மலேசியாவுக்கு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டாய். பிழைக்கப் போனாய் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். தாவூது நானா மாதாமாதம் சிறை வாசலுக்குப் பொட்டலம் கொண்டு போனார். யூசுப் என்றால் அப்படி ஆளே இல்லை என்றார்கள். மியோ வின் என்றால் எந்த மியோ வின், இங்கே ஏகப்பட்ட மியோ வின் என்றார்கள். ஆனாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் தின்ன ஆள் இருக்கிறது என்று அர்த்தம்தானே? அந்த ஒரு நினைப்பில் அவர் உயிரோடு இருந்தார். ஒரு மழைக்காலத்தில் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றியிருப்பார்கள் என்றார். அந்த ஊருக்கும் போனார். அதற்கு அடுத்த ஊருக்கும் போனார். நானும் கூடவே ஆமாம் சாமி போட்டேன். மனசுக்குள் எனக்குத் தெரியும். இந்த ஊரில் திரும்பி வந்த பொட்டலத்துக்கு என்ன அர்த்தம் என்று காய்கறிக்காரிக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவர் ஒரு நாளும் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்கவில்லை. சேதி வராமல் துக்கம் காக்க முடியாது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் உன் வாயைப் பொத்தியது உனக்காக மட்டும் இல்லை. அந்த இன்னொரு விஷயம் என்ன என்று அவர் ஊகித்துவிட்டார். நீ அதைச் சொல்லிவிட்டால் பொட்டலம் கொண்டு போக முடியாது. அவர் சொன்ன சட்டம் மெய்தான். ஆனால் அதற்குப் பின்னால் பயந்துபோன ஒரு தகப்பன் ஒளிந்துகொண்டிருந்தார். ஒருவர் நமக்கு இரக்கம் காட்டினால், அதை எதிலிருந்து பிய்த்துக் கொடுக்கிறார் என்று ஒரு தடவை யோசித்துப் பார், மகனே. நான் யோசிக்கவில்லை.

போன மாதம் உன் நிச்சயத்துக்கு வந்திருந்தபோது நான் உன் அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். நீ வாசற்படியில் நின்றுகொண்டு, கைலி நுனியை முறுக்கிக்கொண்டு, ஆதியிலிருந்து சொன்னாய். விசாரணையில் உன் பக்கத்து அறைக்கு யூசுபைக் கொண்டுவந்ததும், எனக்குத் தெரியாது எனக்குத் தெரியாது என்று அவன் முதலில் பர்மிய பாஷையிலும் பிறகு தமிழிலும் கத்தியதும், திடீரென்று சத்தம் நின்றதும், ஆட்கள் ஓடியதும். உன்னைக் கையெழுத்துப் போடவைக்க முக்காட்டைத் தூக்கிய நேரத்தில் கதவு வழியாக நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனதை நீ கண்ணால் பார்த்திருக்கிறாய். அவன் கடைசியாகக் கூப்பிட்டதையும் சொன்னாய். நான் மீனை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். "அவர்கிட்டச் சொல்லும்மா. நான் சொன்னா கேட்கமாட்டார். மன்னிப்பும் கேளு" என்றாய்.

ஊர் திரும்பி, சனிக்கிழமை கழியட்டும் என்று இருந்து, ஞாயிறு காலையில் போனேன். கடை இன்னும் திறக்கவில்லை. மேலே அவர் அறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, கோப்பை சாஸரில் தடதடவென்று ஆடுகிறது. என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார்.

"சேதி கொண்டுவந்திருக்கியா தங்கச்சி?"

"ஆமா நானா. ஆனா நான் அவனோட தாய். என் சாட்சி செல்லாதுன்னு சொல்லிடாதீங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "ஒருத்தன் செத்தான்னு சொல்றதுக்கு மட்டும் எங்க சட்டம் வேற. ரெண்டு சாட்சி வேணாம், ஒண்ணு போதும். பொம்பளை சொன்னாலும் போதும். சொந்தக்காரி சொன்னாலும் போதும். காதால கேட்டதைச் சொன்னாலும் போதும். புருஷன் காணாமப்போய், இருக்கானா இல்லையான்னு காலம் பூரா காத்துக் கிடக்கிற பொம்பளைங்களுக்கு இரங்கி அப்படி வச்சாங்க. சொல்லு."

சொன்னேன். நீ சொன்னது போலவே, கூட்டாமல் குறைக்காமல், நீ பேரைச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவர் அழவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"முப்பது நாளுக்குள்ள சேதி வந்திருந்தா ஏழு நாள் உட்காரணும். அதுக்கப்புறம் வந்த சேதிக்கு ஒரு மணி நேரம்தான்" என்றார். "ஒரு மணி நேரம். அவ்வளவுதான் எனக்கு."

நான் நின்றுகொண்டே உன் கேள்வியைக் கேட்டேன். கேட்க நாக்கு கூசியது, ஆனாலும் பெற்ற வயிறு, கேட்டேன். "நானா, என் மகன் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்."

"உன் மகனை நான் குத்தவாளின்னு சொல்லலே. என்னைக்கும் சொல்லமாட்டேன். அடிச்சு வாங்கின பேச்சுக்கு அடிச்சவன்தான் பொறுப்பு" என்றார். "ஆனா மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாது. அது யூசுபோட சொத்து. அப்பனுக்கு அதுல பங்கு கிடையாது. அவன் வந்து சொல்லணும். அவன் வரமாட்டான்னு இப்பத்தானே நீ சொன்னே."

இதுதான் உன் பதில். உனக்கு வேறு பதில் கிடைக்காது. பொய் எழுதலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மன்னித்துவிட்டார், உனக்காக துஆ செய்கிறார் என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய், பிரியாணி சாப்பிட்டிருப்பாய். எழுத மனம் வரவில்லை. பொய்க் கையெழுத்துகளால்தான் நம் வீட்டில் இத்தனையும் நடந்தது.

அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "கடைசியா என்ன சொன்னான்?" அவர்கள் மார்க்கத்தில் உயிர் போகும்போது சொல்ல ஒரு வரி உண்டு, ஆண்டவன் ஒருவனே என்று, நம் கலிமா மாதிரி. சின்ன வயதிலேயே யூசுபுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை எதிர்பார்த்துத்தான் கேட்டார். என்னால் அதிலும் பொய் சொல்ல முடியவில்லை.

"உம்மான்னு கூப்பிட்டான் நானா" என்றேன்.

அவர் நகர்ந்து தன் பக்கத்தில் தரையைக் கையால் தட்டினார். "அப்போ நீ ஏன் நிக்கிறே? செருப்பைக் கழட்டிட்டு உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கீழே பஸ்காரன் சுலே பகோடாவுக்கு ஆள் ஏற்ற, சுலே சுலே என்று கத்திக்கொண்டிருந்தான். சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், செருப்பை மாட்டினார், கீழே போய்க் கடையைத் திறந்தார். ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. சட்டம் அவரை எழுப்பிவிட்டது. என்னை எழுப்ப எந்தச் சட்டமும் இல்லை. வாடிக்கையாளர் வந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.

அதனால் சொல்கிறேன். நிக்காஹ்வைத் தள்ளிப்போடாதே. கிடைக்காத மன்னிப்புக்காக அந்தப் பெண்ணைக் காக்க வைத்தால், அது நீ தெரிந்தே செய்யும் பாவம். அவள் தாலி கட்டிக்கொள்ளட்டும், பிள்ளை பெறட்டும். பிறக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு பேர் வை. எந்த நாட்டில் இருந்தாலும், எந்த வாத்தியார் கேட்டாலும், அந்த ஒரு பேர்தான் என்று சொல். உனக்குச் சொல்ல இதைத் தவிர வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

என் பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாய். வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. நீ பேர் சொன்னதற்காகவும் இல்லை. உன் உம்மா என்றால் நடந்தே வந்திருப்பாள், கடலில் இறங்கியாவது வந்திருப்பாள். யூசுபின் உம்மா எப்படியடா உன் கல்யாணத்துக்கு வருவாள்?